ஓவியரைத் தேடிச் சென்ற புரவலர்

பண்டைத் தமிழ் இலக்கியத்தில் ஆற்றுப்படை என்றொரு வகை உண்டு. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு பாணனைக் கண்டு, இன்ன வழியே சென்றால் இன்ன புரவலனைக் காணலாம் என்று நெறிப்படுத்துவான். அங்கே வழி நடப்பவன் கலைஞன். இருந்த இடத்தில் இருந்து கொடுப்பவன் புரவலன். இன்று நான் சொல்லப் புகும் வரலாற்றில் இந்த முறை தலைகீழாக மாறிவிடுகிறது. இங்கே கடல் கடந்து அலைந்தவர்கள் புரவலர்கள். அவர்கள் தேடிச் சென்ற கலைஞருள் ஒருவர் இறந்து இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இன்னும் ஒரு வியப்பு: இப்புரவலர்கள் செல்வர்களும் அல்லர். ஒருவர் வங்கி எழுத்தர். மற்றொருவர் கல்லூரி ஆசிரியர்.

அவர்கள் ஏன் அலைய வேண்டியிருந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் பேரே அமெரிக்கக் கண்டங்களிலும் கரீபியன் தீவுகளிலும் உயிரோடு கரையேறினர். ஊர் போயிற்று, பேர் போயிற்று, பேசிய மொழியும் இரண்டொரு தலைமுறையில் போயிற்று. இவ்வளவையும் பறித்துக்கொண்டவர்கள் பிறகு ஒரு சொல்லையும் சேர்த்துச் சொன்னார்கள். "உங்களுக்கு வரலாறு இல்லை, உங்கள் முன்னோர் கலை என்று எதையும் படைத்ததில்லை" என்பதே அது. பொருளை இழந்தவன் மீண்டும் தேடிக்கொள்வான். இழந்த பொருள் ஒன்று இருந்ததே இல்லை என்று ஒருவனை நம்பவைத்துவிட்டால், அவன் தேடவும் முற்படமாட்டான்.

அப்படி நம்ப மறுத்த ஒரு சிறுவன் 1874-ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோத் தீவில் பிறந்தான். ஆர்ட்டூரோ அல்போன்சோ ஷாம்பர்க் என்பது அவன் பெயர். தாய் விர்ஜின் தீவுகளைச் சேர்ந்த கறுப்பினப் பெண்மணி. தந்தை ஜெர்மானிய வழிவந்தவர். பள்ளியில் படிக்கும்போது ஆசிரியர் ஒருவர், கறுப்பினத்தார்க்கு வரலாறும் இல்லை, பெரியோரும் இல்லை, அருஞ்செயல்களும் இல்லை என்று சொன்னாராம். அச்சொல் சிறுவனின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது என்றும், அந்த முள்ளைப் பிடுங்கவே அவர் வாழ்நாள் முழுதும் உழைத்தார் என்றும் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுவர்.

1891-இல், பதினேழு வயதில், அவர் நியூயார்க் நகரம் வந்து சேர்ந்தார். கியூபாவும் போர்ட்டோ ரிக்கோவும் ஸ்பெயினின் ஆட்சியிலிருந்து விடுபட வேண்டும் என்று உழைத்த கழகமொன்றில் செயலாளராக இருந்தார். 1906-இல் ஒரு பெரிய வங்கியில் வேலைக்கு அமர்ந்தார். வெளிநாட்டு அஞ்சல்களைப் பிரித்து அனுப்பும் பிரிவை மேற்பார்ப்பது அவர் தொழிலாயிற்று. 1929-இல் ஓய்வு பெறும் வரை அதே வங்கிதான். உலகின் நாலா திசையிலிருந்தும் வரும் உறைகள் நாள்தோறும் அவர் கைவழியே சென்றன. அவற்றிலிருந்த பணம் அவருடையது அன்று. ஆனால் உலகம் எவ்வளவு பெரிது என்பதை அந்த உறைகளின் மேலிருந்த முத்திரைகள் அவருக்கு நாள்தோறும் நினைவூட்டியிருக்கும் என்று எண்ண எனக்கு ஆசை.

சம்பளத்தில் மிஞ்சியதைக் கொண்டு அவர் பழைய நூல்களையும், கையெழுத்துப் படிகளையும், செதுக்கோவிய அச்சுகளையும் வாங்கினார். பழைய புத்தகக் கடைக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார். வெளிநாடு செல்லும் நண்பர்களிடம், "அங்கே எங்கள் மக்களைப் பற்றி ஏதேனும் கிடைத்தால் விடாதீர்கள்" என்று கேட்டுக்கொள்வது அவர் வழக்கம். ஹாய்ட்டித் தீவின் விடுதலைத் தலைவர் தூசேன் லூவர்த்தூரைப் பற்றிய ஏடுகளும், அடிமைப் பெண்ணாய் இருந்து கவிஞராய் உயர்ந்த பிலிஸ் வீட்லியின் நூல்களும் அவர் வீட்டை அடைந்தன. ஒன்றை இங்குக் கவனிக்க வேண்டும். அவர் ஐக்கிய அமெரிக்க நாட்டு எல்லையோடு நிற்கவில்லை. ஆங்கிலம் பேசுவோர், ஸ்பானிஷ் பேசுவோர், பிரெஞ்சு பேசுவோர் என்று கடலால் பிரிக்கப்பட்ட அனைவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது அவர் கொள்கை. தாமே ஒரு தீவிலிருந்து மற்றொரு மொழி நாட்டுக்கு வந்தவர் ஆதலின், இது அவருக்குப் படித்து வந்த அறிவு அன்று. வாழ்ந்து வந்த அறிவு.

1926-இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள், மூவாயிரம் கையெழுத்துப் படிகள், இரண்டாயிரம் செதுக்கோவிய அச்சுகள், அவற்றோடு ஆயிரக்கணக்கான துண்டு வெளியீடுகள் ஆகியவை அடங்கிய அந்தத் தொகுப்பு முழுவதையும் கார்னகி நிறுவனம் 10,000 டாலர் கொடுத்து வாங்கியது. வாங்கி நியூயார்க் பொது நூலகத்திற்கு அளித்தது. கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த ஹார்லெம் பகுதியில், 135-ஆம் தெருவில் இருந்த கிளை நூலகத்தில் அது வைக்கப்பட்டது. வாழ்நாள் சேமிப்பு கைமாறியது. கையில் பணம் வந்தது. குடும்பத் தலைவர் ஒருவர், ஐம்பதை நெருங்கிய வயதைக் கடந்தவர், அப்பணத்தை என் செய்வார்? வீடு வாங்குவார், வங்கியில் போடுவார். ஷாம்பர்க்கோ அந்த ஆண்டிலேயே ஐரோப்பாவிற்குக் கப்பலேறினார்.

அவர் முதன்மையாக நாடிச் சென்றது ஸ்பெயின். செவில் நகரில், ஸ்பெயினின் அமெரிக்க ஆட்சி பற்றிய ஆவணங்களெல்லாம் குவிந்து கிடக்கும் காப்பகத்தில் ஏடுகளைப் புரட்டினார். அதே நகரில், பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கறுப்பின மக்களுக்கென ஏற்பட்டுத் தொடர்ந்து இயங்கிவந்த கிறித்தவச் சகோதரக் கழகம் ஒன்றைப் பற்றி ஆராய்ந்து, அடுத்த ஆண்டில் கட்டுரை எழுதினார். கொலம்பஸ் கப்பலேறுவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பிய நகரமொன்றில் ஆப்பிரிக்க மக்கள் தமக்கெனக் கழகம் கொண்டிருந்தனர் என்ற செய்தி, அவருடைய பழைய பள்ளி ஆசிரியர்க்கு எழுதப்பட்ட விடைபோலவே தோன்றுகிறது.

ஆனால் அவர் உள்ளம் ஓர் ஓவியரையே நாடியது. ஹுவான் டி பரேஹா என்பது அவ்வோவியர் பெயர். ஏறத்தாழ 1608-இல் ஸ்பெயினின் தெற்கே அந்தக்கேரா என்னும் ஊரில் பிறந்தவர். ஸ்பெயின் மன்னரின் அரண்மனை ஓவியரான வெலாஸ்குவெஸிடம் அடிமையாக இருந்தவர். வண்ணம் அரைப்பதும் திரைச்சீலை விரித்துக் கட்டுவதும் அவர் வேலை. 1650-இல் வெலாஸ்குவெஸ் ரோம் நகரில் தங்கியிருந்தபோது இவரை ஓர் உருவப்படமாக வரைந்தார். பெருமிதத்தோடு நம்மை நேர்நோக்கும் அந்த முகம் உலகின் தலைசிறந்த உருவப்படங்களுள் ஒன்று என்று இன்று போற்றப்படுகிறது. உலகம் பரேஹாவை அறிந்தது இந்தப் படத்தால்தான். அதாவது பிறர் வரைந்த முகமாக. அவரும் ஓவியர் என்பதைப் பலர் மறந்தே போயினர்.

பரேஹா விடுதலை பெற்றதைப் பற்றி ஒரு கதை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானிஷ் ஓவியர்களின் வரலாற்றை எழுதிய பலோமினோ என்பவர் சொன்ன கதை அது. அடிமை ஓவியம் வரைதல் ஆகாது என்பதால் பரேஹா மறைவாகவே பயின்றாராம். ஒருநாள் தம் ஓவியத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாராம். அரண்மனை ஓவியக்கூடத்திற்கு வந்த மன்னர் நான்காம் பிலிப் அதைத் திருப்பிப் பார்த்து வியந்து, இத்தகைய திறமுடையவன் அடிமையாய் இருத்தல் தகாது என்றாராம். கேட்க இனிய கதைதான். ஆனால் 1983-இல் ஓர் ஆவணம் வெளிவந்தது. 1650 நவம்பர் 23-ஆம் நாள் ரோம் நகரில் வெலாஸ்குவெஸ் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் அது. பரேஹாவிற்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் விடுதலை அளிப்பதாகவும், ஆயினும் அவர் மேலும் நான்கு ஆண்டுகள் ஊழியம் செய்ய வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. மன்னரின் கருணை மறைந்துவிட்டது. நான்கு ஆண்டு ஊழியம் வெளிப்பட்டுவிட்டது. கதை கேட்பதற்கும் வரலாறு கற்பதற்கும் உள்ள வேற்றுமையை மாணவர்கள் இந்த ஒரு செய்தியிலேயே கண்டுகொள்ளலாம். ஷாம்பர்க் இந்தப் பத்திரத்தைப் பார்க்கவில்லை. அது வெளிவருவதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

அவர் பார்த்தது வேறொன்று. மாட்ரிட் நகரில் பிராடோ ஓவியக் காட்சிச்சாலையில், பரேஹா தம் கையால் 1661-இல் தீட்டிய 'புனித மத்தேயு அழைக்கப்படுதல்' என்னும் ஓவியத்தின் முன் அவர் நின்றார். ஏழடிக்கு மேற்பட்ட உயரமும் பத்தடிக்கு மேற்பட்ட அகலமும் உடைய பெரும் படம். வரி தண்டும் மத்தேயு மேசையருகே அமர்ந்திருக்கிறார். ஏசுநாதர் அவரை அழைக்கிறார். ஆனால் படத்தின் இடக்கோடியில், கதையில் யாதொரு பங்கும் இல்லாத ஒருவர் நின்று நம்மையே பார்க்கிறார். அவர் கையில் ஒரு தாள். தாளில் ஓவியரின் கையொப்பம். அவர் வேறு யாரும் அல்லர், பரேஹாவே. வெலாஸ்குவெஸ் வரைந்த முகத்தைவிட இந்த முகம் வெளுத்தும் ஐரோப்பியச் சாயலோடும் இருப்பதை அறிஞர்கள் சுட்டுகின்றனர். விடுதலை பெற்ற பின்னும் தம் நிறத்தைத் தாமே குறைத்துத் தீட்ட வேண்டிய நெருக்கடி அவருக்கு இருந்ததா, அன்றி அக்காலப் பெருமக்களின் தோற்றத்தில் தம்மையும் வைத்துப் பார்க்கும் விருப்பமா? இரண்டும் இருந்திருக்கக் கூடும். ஆனால் அந்தத் தாளில் உள்ள பெயரில் மட்டும் ஐயத்திற்கு இடமே இல்லை. பிறர் உடைமையாய் இருந்த ஒருவர், இது என் உடைமை என்று எழுதிய எழுத்து அது.

அந்தக் காட்சிக்காகவே வந்தவர்போல் ஷாம்பர்க் அங்கே நின்றார். 1927-இல் பரேஹாவைத் தேடிச் சென்ற தம் பயணத்தைப் பற்றி நியூயார்க்கில் கறுப்பின மக்களின் இதழொன்றில் எழுதினார். அந்த இதழைப் படித்தவர்களுள் பெரும்பாலோர் மாட்ரிட் நகரத்தை ஒருநாளும் காணப் போவதில்லை. அவர்களுக்காகவும் சேர்த்தே அவர் கண்டு வந்தார். தாம் பிறந்த தீவையும் அவர் மறந்துவிடவில்லை. தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கிய அடிமையொருவரின் மகனாய்ப் பிறந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் போர்ட்டோ ரிக்கோவின் தலைசிறந்த ஓவியராய் விளங்கிய ஹோசே காம்பேச்சேயைப் பற்றியும் எழுதினார். 1932-இல் கியூபாவிற்குச் சென்று அங்குள்ள ஓவியர், எழுத்தாளர் பலரோடு உறவு பூண்டார். இப்பயணங்களில் கிடைத்தவையெல்லாம் 135-ஆம் தெரு நூலகத்தையே சென்று சேர்ந்தன. விற்றுவிட்ட தொகுப்பிற்கு மேலும் மேலும் பொருள் சேர்த்துக்கொண்டே இருந்த மனிதர் அவர்.

இனி, கல்லூரி ஆசிரியரைப் பற்றிச் சில சொற்கள். அலேன் லாக் 1885-இல் பிறந்தவர். 1907-இல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு சென்ற முதல் கறுப்பின மாணவர். பின்னர் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்தவர். கோடை விடுமுறை வந்தால் அவரை ஐரோப்பாவில்தான் காணலாம். பாரிஸ் நகர ஓவியர்கள் ஆப்பிரிக்க மரச் சிற்பங்களைக் கண்டு வியந்து புதுநெறி வகுத்ததை அவர் நேரில் அறிந்தார். அந்நியர் கற்றுக்கொண்ட பாடத்தைச் சொந்தப் பிள்ளைகள் கற்க வேண்டாவா என்பது அவர் எழுப்பிய கேள்வி. கேள்வியோடு நிற்காமல், பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒருவர் திரட்டி வைத்திருந்த காங்கோ நாட்டுக் கலைப்பொருள்களை, நாடகக் கலை இதழொன்றின் ஆசிரியையான ஈடித் ஐசக்ஸ் அம்மையாரின் துணையோடு அமெரிக்காவிற்குக் கொண்டுவந்து, 1927-இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். அவற்றுள் ஒரு பகுதி ஹார்லெம் நூலகத்திற்கும் வந்தது.

இதை நினைக்கும்போது ஒரு கசப்பும் எழாமல் இல்லை. காங்கோவின் சிற்பங்கள் பெல்ஜியத்திற்கு எவ்வாறு வந்தன? 1885 முதல் 1908 வரை அந்நாடு மன்னர் லியோபோல்டின் தனிச் சொத்தாய் இருந்தது. ரப்பருக்காக அங்கு மக்கள் பட்ட கொடுமையை உலகம் அறியும். அந்த ஆட்சியின் நிழலில் வெளியேறிய பொருள்களை, ஆப்பிரிக்கர் வழிவந்த ஒருவர் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. பாட்டன் செய்த பொருளைப் பேரன் பிறர் வீட்டில் பணம் கொடுத்து மீட்பது போன்றது இது.

பணத்தைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காங்கோ கண்காட்சியின்போதுதான் லாக், சார்லட் மேசன் என்னும் வெள்ளையரான செல்வ மூதாட்டியைச் சந்தித்தார். அம்மூதாட்டி கறுப்பினக் கலைஞர் பலருக்கு வாரி வழங்கினார். ஆனால் அவர் கொடையில் ஒரு கயிறும் கட்டியிருந்தது. நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டனுக்கு மாதம் 200 டாலர் அளித்தார்; அவர் திரட்டுவதெல்லாம் தமக்கே உரியது என்று 1927 டிசம்பரில் ஒப்பந்தமும் எழுதி வாங்கிக்கொண்டார். லாக் இதற்கு இடைநின்றார். அவருடைய நற்பணிகளைப் பெரிதும் மதிக்கும் நான், இதை மட்டும் பாராட்ட இயலாதவனாக இருக்கிறேன். ஷாம்பர்க்கின் தொகுப்பை வாங்கிய பணமும் வெள்ளையர் நிறுவனத்தின் பணந்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. ஆனால் அந்தப் பணம் வந்த பிறகு, தொகுப்பு ஒரு தெருவின் மக்களுக்குப் பொதுவாயிற்று. எவரும் உள்ளே வரலாம். எதையும் கேட்டுப் படிக்கலாம். யாரிடமும் கையேந்த வேண்டுவதில்லை.

அவ்வாறு உள்ளே வந்தவர்களுள் ஓர் இளைஞரைப் பற்றிச் சொன்னால் இதன் பயன் விளங்கும். ஜேக்கப் லாரன்ஸ் 1917-இல் பிறந்தவர், பதின்மூன்றாம் வயதில் ஹார்லெமிற்கு வந்தவர், ஏழை. 1932 முதல் அந்நூலகத்தின் சிறப்புத் தொகுப்பைக் காப்பவராக ஷாம்பர்க்கே அமர்ந்திருந்தார். 1934-இல் ஆரன் டக்ளஸ் என்னும் ஓவியர் தீட்டிய நான்கு பெரும் ஓவியங்கள் அந்நூலகத்திற்கென்றே உருவாயின. ஆப்பிரிக்காவில் தொடங்கி, அடிமை வாழ்வைக் கடந்து, நகரத் தொழிலாளியின் வாழ்வு வரை அவை ஒரு மக்களின் கதையைச் சொல்கின்றன. அரசினர் வகுத்த வேலைத் திட்டம் டக்ளஸுக்குக் கூலி கொடுத்தது. தொங்கவிடச் சுவரும், பார்க்கத் தக்க மக்களும் ஷாம்பர்க்கின் நூலகத்தில் இருந்தன.

இளைஞர் லாரன்ஸ் அந்நூலகத்தில் அமர்ந்து ஹாய்ட்டியின் விடுதலைப் போரைப் பற்றிப் படித்தார். படித்ததை ஓவியமாக்க முற்பட்டபோது ஒரு படத்தில் அது அடங்கவில்லை. 1938-க்குள் தூசேனைப் பற்றி 41 படங்கள் தீட்டினார். அப்போது அவருக்கு வயது இருபது, இருபத்தொன்று. அவர் ஹாய்ட்டிக்குச் சென்றதில்லை. அவருக்காக அந்த ஹாய்ட்டியை ஒரு வங்கி எழுத்தர் ஏடு ஏடாக நியூயார்க்கிற்கு வரவழைத்து வைத்திருந்தார். 1939-இல் பால்டிமோர் நகரக் கலைக் காட்சிச்சாலையில் அப்படங்கள் வைக்கப்பட்டன. அதற்கும், பின்னர் ஒரு பெரிய ஓவிய விற்பனை நிலையத்தின் வாயில் லாரன்ஸுக்குத் திறக்கவும் துணைநின்றவர் லாக். 1941-இல் தீட்டிய, கறுப்பின மக்கள் தென்மாநிலங்களிலிருந்து வடக்கே குடியேறிய வரலாற்றைக் கூறும் 60 படங்களை இரண்டு பெரிய காட்சிச்சாலைகள் பாதிப்பாதியாக வாங்கிக்கொண்டன. 1962-இலும் 1964-இலும் லாரன்ஸ் நைஜீரியாவிற்குச் சென்றார். முதற்பயணத்தில் அவர் ஓவியங்கள் அந்நாட்டிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன; இரண்டாம் முறை மாதக்கணக்கில் தங்கி அங்காடிகளையும் மக்களையும் தீட்டினார்.

ஷாம்பர்க் 1938-இல் காலமானார். 1940-இல் அந்தத் தொகுப்பிற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. இன்று அது பெரியதோர் ஆராய்ச்சி நூலகமாய் வளர்ந்து, ஒரு கோடிக்கு மேற்பட்ட பொருள்களைக் கொண்டு விளங்குகிறது. டக்ளஸின் ஓவியங்களும் அதற்கே உரியவை.

பரேஹாவின் கதையையும் முடிக்க வேண்டும். வெலாஸ்குவெஸ் தீட்டிய அவர் உருவப்படம் 1970-இல் லண்டன் நகர ஏலத்தில் 55 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. பரேஹாவின் முகத்திற்குப் பிறர் கொடுத்த விலை அது. அவரைத் தேடிச் சென்ற ஷாம்பர்க்கின் தொகுப்பு முழுவதற்கும் கிடைத்த விலை 10,000 டாலர் என்பதை முன்பே சொன்னேன். உருவப்படம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் காட்சிச்சாலைக்கு வந்து சேர்ந்தது. 2023-இல் அந்தக் காட்சிச்சாலை, ஓவியர் பரேஹாவிற்கென்றே தனிக் கண்காட்சி ஒன்றை அமைத்தது. ஷாம்பர்க்கின் ஆராய்ச்சி அதற்கு ஊடுசரடாய் அமைந்தது. மாட்ரிட் நகரிலிருந்து 'புனித மத்தேயு அழைக்கப்படுதல்' கடல் கடந்து வந்தது. ஒருவர் பிறர் கையால் வரையப்பட்ட முகமும், அவரே தம் கையால் தீட்டிக் கையொப்பமிட்டு நிற்கும் முகமும் ஒரே கண்காட்சியில் இருந்தன. அந்தக் காட்சிச்சாலை இருப்பது 82-ஆம் தெருவின் முனையில். ஷாம்பர்க்கின் நூலகம் இருப்பது 135-ஆம் தெருவில். இரண்டிற்கும் இடையே 53 தெருக்கள்.